கதை சொல்லும் கருவி யார் கையில்?

கதிர்காமத்தில் எங்கள் சங்க அலுவலகத்துக்கு ஒரு நாள் மாலை ஒரு சிறுமி வந்தாள். சர்க்கார் பள்ளிக்கூடத்தில் பத்தாம் வகுப்புப் படிக்கிறாள். கையில் அம்மாவின் போன். கக்கத்தில் ஒரு கோடு போட்ட நோட்டு. உள்ளே வரலாமா, கூடாதா என்று கதவோரத்தில் நின்றாள். "என்னம்மா?" என்றேன்.

"மாமா, 1936-ல சவானா மில்லுல சுட்டாங்களே, அதுல எத்தனை பேரு செத்தாங்க? எங்க தாத்தா இருபது பேருங்கிறாரு. எங்க சார், 'தாத்தா சொன்னா போதுமா, ஆதாரம் எங்கே'ன்னு கேக்குறாரு."

நான் கட்சியின் முழுநேர ஊழியனாகி இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஒவ்வொரு ஜூலை 30-ஆம் தேதியும் தியாகிகளுக்கு மாலை போடுகிறோம்; முழக்கமிடுகிறோம்; பேசுகிறோம்; கலைந்து போகிறோம். பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஒன்று தானாகத் தேடி வந்து இந்தக் கேள்வியைக் கேட்டது இதுதான் முதல் தடவை. உண்மையைச் சொன்னால் எனக்குச் சற்று வெட்கமாகவும் இருந்தது. நாம் தேடிப் போய்ச் சொல்லியிருக்க வேண்டிய விஷயம் அல்லவா?

பழைய மலர்களை எடுத்துக் காட்டினேன். மடிந்தவர்கள் 12 பேர். அவள் நோட்டில் இருபதை அடித்துவிட்டுப் பன்னிரண்டு என்று எழுதிக்கொண்டாள். அப்புறம் அவளே ஒரு கேள்வி கேட்டாள். "அப்ப எங்க தாத்தா பொய் சொன்னாரா?"

பொய் இல்லையம்மா என்றேன். அவருடைய தகப்பனார் அன்றைக்கு ஆலைக்குள் இருந்தவர். குண்டு பாய்ந்து தோழர்கள் விழுவதைக் கண்ணால் பார்த்த மனிதனுக்கு எண்ணிக்கை எங்கே நினைவிருக்கும்? பயமும் துக்கமும் எண்ணிக்கையைப் பெருக்கியிருக்கும். அதை மகனிடம் சொன்னார். மகன் பேத்தியிடம் சொன்னார். "இதையும் எழுதலாமா மாமா?" என்று கேட்டாள். எழுது என்றேன்.

இந்தப் பிள்ளை செய்துகொண்டிருந்த காரியம் என்ன? அவளுடைய வகுப்பு உபாத்தியாயர் ஒரு வேலை கொடுத்திருக்கிறார். "உன் வீட்டுக் கதை ஒன்றை மூன்று நிமிஷத்தில் சொல். நீயே எழுது, நீயே உன் குரலில் பேசிப் பதிவு செய். பத்துப் பன்னிரண்டு படங்களைச் சேர்த்துக்கொள். வகுப்பில் பெரிய திரையில் எல்லோருக்கும் காட்டு" என்பது வேலை. இதற்கு டிஜிட்டல் கதை சொல்லல் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பெயர்தான் பெரிது. போனில் போட்டோ பிடிக்கவும் குரல் பதிவு செய்யவும் தெரிந்த பிள்ளைக்கு இது பெரிய வித்தை அல்ல. இணையம்கூடக் கட்டாயம் இல்லை.

அவள் செய்து முடித்ததைப் பிறகு எனக்குக் காட்டினாள். முதல் படம் ஒரு பித்தளை டோக்கன். தாத்தா ஆலை வாசலில் காட்டிவிட்டு உள்ளே போன டோக்கன், எண் தேய்ந்துபோயிருக்கிறது. அடுத்தது தாத்தாவின் வலது கை, தறியில் சிக்கிப் பாதி போன ஒரு விரலோடு. அதற்கடுத்து அவளே வரைந்த ஆலைச் சங்கு. கதிர்காமத்திலிருந்து ஆலை வரை விடியற்காலையில் நடந்தே போன வழியை ஒரு கோட்டுப் படமாகப் போட்டிருந்தாள். பின்னாலே அவள் குரல், நடுநடுவே தாத்தாவின் இருமல். கடைசிப் படத்தில் மூடிக் கிடக்கும் ஆலையின் கதவு. மில் மூடியபின் செக்யூரிட்டி வேலைக்குப் போன அவளுடைய அப்பா, அந்தக் கதவின் முன்னால் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கிறார்.

நமக்கு இது தெரிந்த கதைதான். ஆனால் அவளுடைய பாடப் புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். நானும் மெட்ரிக் வரை படித்தவன்தான், புரட்டிப் பார்க்கத் தெரியும். புதுச்சேரி சர்க்கார் பள்ளிகளை 2023-லிருந்து மத்திய வாரியத்தின் பாடத்திட்டத்துக்கு மாற்றிவிட்டார்கள். புத்தகம் டெல்லியில் தயாராகி வருகிறது. பத்தாம் வகுப்புச் சரித்திரத்தில் ஆலைத் தொழிலைப் பற்றி ஒரு பாடமே இருக்கிறது. மான்செஸ்டர் இருக்கிறது, பம்பாய் இருக்கிறது. பம்பாயில் முதல் பருத்தி ஆலை எழும்பியது 1854-ல் என்றும், சென்னையில் முதல் நூற்பு, நெசவாலை 1874-ல் ஓடத் தொடங்கியது என்றும் அச்சிட்டிருக்கிறார்கள். தவறு என்று சொல்லவில்லை. ஆனால் நம் சவானா மில்லை 1829 வாக்கிலேயே பிரெஞ்சுக்காரர்கள் இந்த ஊரில் தொடங்கிவிட்டார்களே! பம்பாய் ஆலைக்குக் கால் நூற்றாண்டு மூத்த ஆலை. அதற்குப் புத்தகத்தில் ஒரு வரி இல்லை.

இன்னொன்றும் இல்லை. பத்து மணி, பன்னிரண்டு மணி நேரம் என்று பிழிந்தெடுத்த முதலாளிகளை எதிர்த்து எட்டு மணி நேர வேலை கேட்டு எழுந்தவர்கள் புதுச்சேரித் தொழிலாளர்கள். தோழர் வ. சுப்பையாவின் தலைமையில் நடந்த அந்தப் போராட்டத்தில்தான் 1936 ஜூலை 30 அன்று துப்பாக்கி வெடித்தது. அடுத்த ஆண்டே, 1937-ல், பிரெஞ்சு ஆட்சி எட்டு மணி நேர வேலையைச் சட்டமாக்க வேண்டிவந்தது. இங்கிலீஷ் ஆட்சியிலிருந்த மற்ற ஊர்த் தொழிலாளிக்கு அது கிடைக்க இன்னும் வெகுகாலம் ஆயிற்று. அந்தப் பன்னிரண்டு பேர் சிந்திய இரத்தத்தில் கிடைத்த உரிமையை அனுபவித்த குடும்பத்தின் பிள்ளை, ஆலைத் தொழிலைப் பற்றிப் பரீட்சை எழுதப் போகிறாள். அதில் அவளுடைய கொள்ளுத்தாத்தாவுக்கு இடமில்லை!

ஆகவேதான் சொல்கிறேன், இந்த மூன்று நிமிஷக் கதை விளையாட்டல்ல. புத்தகத்தில் விட்டுப்போனதை ஒரு பிள்ளை தன் கையால் வகுப்பறைக்குள் கொண்டுவந்து வைக்கிறாள். அதோடு நிற்கவில்லை. கேள்விப்பட்டதை அப்படியே நம்பாமல் விசாரித்தாள், இரண்டு கணக்கு முரண்பட்டபோது ஏன் முரண்படுகிறது என்று யோசித்தாள், திருத்தி எழுதினாள். சரித்திரம் படிப்பது என்பது வேறென்ன? ஆண்டுகளை மனப்பாடம் செய்து ஒப்பிப்பதா?

ஆட்சேபம் உண்டு என்பது எனக்குத் தெரியும். தெருவில் இதைப் பற்றிப் பேசியபோது ஒரு பழைய தறித் தொழிலாளி என்மேல் சீறி விழுந்தார். "ஏம்ப்பா, பிள்ளைங்க ஏற்கெனவே போனிலேயே கிடந்து கண்ணு கெட்டுப்போவுது. நீ வேற அதையே பாடம்ங்கிறியா?" என்றார். அவர் கோபத்தில் நியாயம் இருக்கிறது. கிராமப்புறப் பிள்ளைகளிடம் 2024-ல் எடுத்த அசர் கணக்கெடுப்பைப் பாருங்கள். 14 முதல் 16 வயதுவரை உள்ளவர்களில் நூற்றுக்கு 82 பேருக்கு ஸ்மார்ட்போனைக் கையாளத் தெரிகிறது. தெரிந்தவர்களிலே முந்தைய வாரத்தில் படிப்புக்காக அதைத் தொட்டவர்கள் நூற்றுக்கு 57. சமூக வலைத்தளங்களுக்காகத் தொட்டவர்கள் நூற்றுக்கு 76. அதாவது போன் ஏற்கெனவே வீட்டுக்குள் வந்தாகிவிட்டது. நாம் வேண்டாமென்றாலும் அது போகப்போவதில்லை. எவனோ ஆடுவதையும் எவனோ விற்பதையும் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளை, அதே கருவியை எடுத்துக்கொண்டு தாத்தாவின் எதிரே உட்கார்ந்து, "எத்தனை மணிக்குச் சங்கு ஊதும்?" என்று கேட்டால் அது கெட்டுப்போவதா? அந்தப் பெரியவரிடம் இதைச் சொன்னேன். முழுதாக ஒப்புக்கொள்ளவில்லை. "பார்க்கலாம்" என்றார். பார்க்கட்டும்.

இது அமெரிக்காவிலிருந்து வந்த சரக்கு, நமக்கெதற்கு என்று ஒரு தோழர் கேட்டார். இந்தப் பெயரோடு இதை ஒரு முறையாக வகுத்துக் கொடுத்தவர்கள் கலிபோர்னியாவில் டானா அட்ச்லி, ஜோ லாம்பெர்ட் முதலியவர்கள்தான், 1990-களின் தொடக்கத்தில். பிறகு பிரிட்டனில் பி.பி.சி. 2001 முதல் 2008 வரை வேல்ஸ் நாடெங்கும் முகாம்கள் நடத்தி, சாதாரண ஜனங்களைத் தங்கள் கதையைத் தாங்களே இப்படிச் சொல்ல வைத்தது. வேல்ஸ் என்றால் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களின் நாடு. 1984-85-ல் ஓராண்டு வேலைநிறுத்தம் செய்து தோற்று, சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்ட பூமி. ஆலை மூடிய ஊரில் இருக்கும் நமக்கு அவர்கள் என்ன சொல்லியிருப்பார்கள் என்று கேட்க ஆசையாக இருக்காதா?

ஆனால் இந்த யோசனையின் வேர் அமெரிக்காவில் இல்லை என்பது என் அபிப்பிராயம். அது புதுச்சேரியை ஆண்டவர்களின் நாட்டிலேயே, ஆள்பவர்களுக்கு எதிர்ப்பக்கத்தில் நின்ற ஒரு வாத்தியாரிடம் இருக்கிறது. செலஸ்தின் பிரெனே என்பது அவர் பெயர். முதல் உலக யுத்தத்தில் 1917-ல் நுரையீரலில் காயம்பட்டவர். 1920-ல் தெற்கு பிரான்சின் மலையோர கிராமம் ஒன்றில் பள்ளி உபாத்தியாயரானார். மூச்சு வாங்கும்; நீண்ட நேரம் நின்று பாடம் சொல்ல முடியாது. என்ன செய்தார்? பிள்ளைகளை வெளியே அழைத்துப் போனார். கொல்லர் பட்டறை, தச்சர் கூடம், நெசவாளியின் தறி எல்லாவற்றையும் நின்று பார்க்க வைத்தார். திரும்பி வந்து பார்த்ததை அவர்களையே எழுதச் சொன்னார். 1924-ல் ஒரு சிறிய அச்சு இயந்திரத்தை வாங்கி வகுப்புக்குள் வைத்தார். ஏழை விவசாயி வீட்டுப் பிள்ளைகள் ஈய எழுத்தைத் தாங்களே கோத்து, மை தடவி, தங்கள் சேதியை அச்சடித்தார்கள். அதை நாட்டின் மறுகோடியில் கடலோரத்தில் இருந்த ஒரு பள்ளிக்கு அனுப்பினார்கள்; அங்கிருந்து கடலோரத்துப் பிள்ளைகளின் சேதி வந்தது.

அந்நாளில் அச்சு இயந்திரம்தான் புதிய கருவி. பத்திரிகை முதலாளியின் கையில் இருந்ததைப் பிள்ளைகள் கையில் கொடுத்தார் அந்த மனிதர். அது சும்மா விடுமா? 1930-களின் தொடக்கத்தில் வேறொரு ஊர்ப் பள்ளியில் அவர் வேலை செய்தபோது, ஒரு சிறுவன் ஊர்த் தலைவரைக் கொன்றதாகக் கண்ட கனவை எழுத, அது அச்சாகிவிட்டது. வலதுசாரிகள் ஊரைக் கூட்டிக் கூச்சல் போட்டார்கள்; அவர் சர்க்கார் பள்ளியை விட்டே விலக நேர்ந்தது. 1935-ல் சொந்தமாகப் பள்ளி தொடங்கினார். பிரெனே கம்யூனிஸ்ட் கட்சியில் இருந்தவர். பின்னாளில் கட்சியோடும் அவருக்குப் பிணக்கு வந்தது. அதை மறைக்க வேண்டியதில்லை. பிள்ளைகள் தங்கள் வாழ்க்கையைத் தாங்களே சொன்னால் மேலே இருப்பவர்களுக்குச் சங்கடம் வரும் என்பதை அவர் அனுபவித்துக் காட்டினார்.

நம் ஊரிலும் இதன் சாயல் இருந்திருக்கிறது. 1990-ஐ ஒட்டிப் புதுவையில் அறிவொளி இயக்கம் நடந்தபோது நான் சின்னப் பையன். வேலை முடிந்து வந்த பெண்களைத் தெருவிளக்கின் கீழே உட்கார்த்தி எழுத்துச் சொல்லிக் கொடுத்தார்கள். பாட்டும் நாடகமுமாகத் தெரு களைகட்டும். என் அம்மா அங்கேதான் கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டாள். முதலில் எழுதிய வாக்கியம் அவள் கூலியைப் பற்றியது. யாரும் அதை அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

இப்போது விஷயத்தின் மறுபக்கத்துக்கு வருகிறேன். இதே கதை சொல்லலை வியாபாரிகளும் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். எங்கோ ஓர் அறையில் கம்பெனி தயாரித்த பொம்மைப் படத்தை வகுப்பில் ஓடவிட்டு, அதற்கும் டிஜிட்டல் கதை என்றே பெயர் சொல்லுகிறார்கள். பிள்ளைகள் கையைக் கட்டிக்கொண்டு பார்க்க வேண்டியது. அந்தப் படத்தில் வரும் குழந்தைக்குத் தனி அறை இருக்கிறது, மேஜை இருக்கிறது, நாய்க்குட்டி இருக்கிறது. கதிர்காமத்தில் ஒண்டுக் குடித்தனத்தில் இருக்கும் பிள்ளை அதைப் பார்த்து எந்தக் கதையைச் சொல்லும்? சினிமாக் கொட்டகையில் உட்கார்வதற்கும் இதற்கும் பேதம் என்ன? ஆங்காங்கே நல்ல படங்களும் உண்டு. இரத்த ஓட்டத்தையும் கிரகணத்தையும் படத்தில் காட்டினால் சட்டென்று விளங்கும். அது வேறு. பார்ப்பது வேறு, செய்வது வேறு.

கல்வி வியாபாரத்தின் யோக்கியதை என்ன என்பதற்கு நாடறிந்த சாட்சி பைஜூஸ். போனில் பாடம் விற்ற கம்பெனி. 2022-ல் அதன் மதிப்பு 2,200 கோடி டாலர் என்றார்கள். பெற்றோரைக் கடனில் மாட்டிவிட்டுப் பாடம் விற்பதாகப் புகார் எழுந்து, அதே ஆண்டு டிசம்பரில் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்புக்கான தேசிய ஆணையம் கம்பெனித் தலைவரை விளக்கம் கேட்டு அழைத்தது. 2024 ஜூலையில் கம்பெனியே திவால் நடவடிக்கைக்கு உள்ளாயிற்று. தவணை கட்டிய ஏழைத் தகப்பனின் கதையை எந்தப் பொம்மைப் படம் சொல்லும்?

மத்திய சர்க்காரின் 2020-ஆம் ஆண்டுக் கல்விக் கொள்கையிலேயே கதை சொல்லும் முறையில் பாடம் நடத்த வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். எழுதுவது சுலபம். மேலே நான் சொன்ன உபாத்தியாயரைப் பார்த்துப் பேசினேன். நல்ல மனுஷர். "கதை நல்லா வருது தோழர். ஆனா நாப்பது பிள்ளை. ஆளுக்கு மூணு நிமிஷம்னாலும் ரெண்டு மணி நேரம். பாடத்தை முடிக்கலேன்னா யார் பதில் சொல்றது?" என்றார். அந்தச் சிறுமியின் கதைக்குக் கிடைத்தது மூன்று நிமிஷமும் பேச ஏழு நிமிஷமும்தான். அந்த ஏழு நிமிஷத்தில் வகுப்பில் நாலு பிள்ளைகள் எழுந்து, "எங்க தாத்தாவும் மில்லுதான் சார்" என்றார்களாம். அதற்குள் மணி அடித்துவிட்டது.

ஆகவே கருவி மட்டும் வந்தால் போதாது. வகுப்புக்கு ஒரு நல்ல போனோ பலகைக் கணினியோ பள்ளிக்கூடமே வைத்திருக்க வேண்டும். இரவல் போனில், அம்மா வேலையிலிருந்து வந்தபிறகுதான் பாடம் என்றால் எப்படி? வாரத்துக்கு ஒரு மணி நேரம் இதற்கென்று ஒதுக்க வேண்டும். உபாத்தியாயர் எண்ணிக்கை போதுமானதாக இருக்க வேண்டும். இருப்பவரைப் பாடம் சொல்ல விட வேண்டும். கதை தமிழில் இருக்க வேண்டும். தாத்தாவின் கதையைத் தாத்தாவுக்கு விளங்காத பாஷையில் சொல்லி என்ன பிரயோஜனம்? பிள்ளைகளின் முகமும் குரலும் வீட்டு விலாசமும் கம்பெனிக்காரன் கையில் போய்ச் சேரக் கூடாது. வகுப்பில் காட்டுவது போதும், உலகத்துக்கெல்லாம் ஏற்றிவிட வேண்டிய அவசியமில்லை. சொல்ல விரும்பாத பிள்ளையை வற்புறுத்தவும் கூடாது. வீட்டுக் கஷ்டம் எல்லாமே மேடையில் வைக்கத் தக்கதல்ல. அந்தச் சிறுமியின் அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார் என்றேனே, அந்தப் படத்தை அவரிடம் கேட்டுத்தான் சேர்த்தாள். "மூஞ்சி வேணாம், முதுகு இருக்கட்டும்" என்றாராம்.

இதை யாரிடம் கேட்பது என்று தொழிலாளி கேட்கலாம். 2009-ஆம் ஆண்டுக் கட்டாயக் கல்விச் சட்டப்படி எட்டாம் வகுப்பு வரை உள்ள சர்க்கார் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழு இருந்தாக வேண்டும். அதில் நாலில் மூன்று பங்கு பெற்றோர். மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். உங்களில் எத்தனை பேர் அந்தக் கூட்டத்துக்குப் போகிறீர்கள்? கூலியை விட்டுவிட்டுப் போக முடியாது என்பது சரிதான். அப்படியானால் கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமையில் வை என்று கேளுங்கள். பண்டிகைக்குப் போனஸ் கேட்கத் தெரிந்த நமக்கு இது கேட்கத் தெரியாதா?

ஆலையூர்ப் பிள்ளைகளுக்கு மட்டும் இதைச் சொல்லவில்லை. பாகூர் ஏரிப் பாசனத்தில் நாற்று நடுகிற பெண்களின் பிள்ளைகள், ஏரி எப்படி நிரம்பும், எந்த மதகில் யாருக்கு முதல் தண்ணீர், அம்மாவின் கூலி நெல்லாக இருந்து எப்போது பணமாயிற்று என்று கேட்டுச் சொல்லட்டும். அதில் கணக்கும் இருக்கிறது, பூகோளமும் இருக்கிறது.

அவசரமும் இருக்கிறது தோழர்களே. ரோடியர் மில் 1898-ல் எழும்பியது. 2020 ஏப்ரல் 30-ஆம் தேதியோடு மூடப்பட்டது. சவானாவும் கப்ளே மில்லும் ஓடுவதில்லை. 1936-ஐ நேரில் கண்டவர்கள் போய்விட்டார்கள். அவர்கள் வாயிலிருந்து கேட்டவர்களுக்கே இப்போது எண்பது வயதை நெருங்குகிறது. பஞ்சுத் தூசியைச் சுவாசித்த மார்பு. அடுத்த மழைக்காலம் வரை எத்தனை பேர் இருப்பார்கள் என்று யார் சொல்ல முடியும்?

அந்தச் சிறுமியின் தாத்தா தம் பேத்தி செய்த கதையை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பார்த்தபோது நானும் பக்கத்தில் இருந்தேன். இரண்டு தடவை பார்த்தார். இருபது பன்னிரண்டான இடத்தில் தலையை ஆட்டினார், கோபம் இல்லை. பிறகு, "எல்லாம் சரி, தறிச் சத்தம் எங்கே? சத்தமே இல்லாம மில்லா?" என்றார். பிள்ளைகள் அதைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். நூறு தறிகள் ஒன்றாக ஓடும் சத்தத்தை ஊரில் இப்போது எங்கே போய்ப் பதிவு செய்வது? பழைய ஆலையின் சத்தத்தையோ சங்கையோ கேசட்டில் பதிந்து வைத்திருக்கும் தோழர் யாராவது இருந்தால் கதிர்காமம் சங்க அலுவலகத்துக்குத் தெரியப்படுத்துங்கள். மாலை ஆறு மணிக்கு மேல் நான் இருப்பேன்.